வடசேரிக் கொம்பு

“உடைச்சது நான்தான். இன்னொரு குடம் தூக்கிக்கொண்டு போ, அதையும் உடைப்பன்.”

“உடைங்க. குடம் முடிஞ்சா கையால அள்ளிக்கொண்டு போவன்.”

“கை இரிக்கிற வரைக்கும் போவாய்.”

“வெட்டுங்களன் அப்பா. கத்தி கூரை இறப்புலதானே சொருகிக் கிடக்கு.”

“வாய் நீளுது ஒனக்கு. அந்த வடசேரியானோட ஆறு வருஷம் குடும்பம் நடத்தின வாய்.”

“பாத்துக் கட்டி வச்ச ஆள் ஆரு?”

கிழவர் சீனித்தம்பி குனிந்து உடைந்த குடத்தின் ஓடு ஒன்றை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினார். படலையடியில் சிந்திய தண்ணீரை மணல் அதற்குள் குடித்து முடித்திருந்தது. ஒரு குடம் தண்ணீர் விழுந்த இடமென்று சொல்ல ஒரு கறுத்த வட்டம் மட்டும் கிடந்தது. அவருடைய மகள் பாலசுந்தரி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அதுவும் ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

கச்சான் காற்று வைகாசியில் பிடித்தது. ஆவணியோடு ஓய வேண்டியது, புரட்டாசியும் போய் ஐப்பசி பிறந்த பிறகும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் காடுகளைத் தாண்டி, அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வந்துகொண்டேயிருந்தது. வாவி கரையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அது விட்டுப்போன சேறு வெடித்து, வெடிப்புகளின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த ஊரோ முழுக்க மணல். வெயில் ஏறிவிட்டால் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது; பெண்கள் ஓர் அடம்பன் கொடிப் பற்றையிலிருந்து அடுத்த பற்றைக்குத் தாவித் தாவிப் போனார்கள். படுவான்கரை வயல் வட்டையில் புழுதியில் விதைத்த நெல் முளைக்காமல் கிடந்தது; புறாக்கள் கூட்டமாக வந்து அதைப் பொறுக்கின. கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்தன. முதலில் வாவியோர வீடுகளில், பிறகு கோயிலடியில், பிறகு சந்தியடியில். சீனித்தம்பி வளவுக் கிணறு ஒன்றுதான் இனிப்பாக மிஞ்சியது.

உண்மையில் அது பாலசுந்தரியின் கிணறு. தாய் வழியாக வந்த வளவு, சீதனமாக அவள் பேருக்கு எழுதியது. ஆனால் தகப்பன் உயிரோடு நடமாடும் வீட்டில் எழுத்துக்கு வாய் ஏது?

மழை பொய்த்தால் அந்த ஊரில் கொம்பு முறிப்பார்கள். கண்ணகை அம்மனின் நெஞ்சில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பைத் தணிக்கிற விளையாட்டு அது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, இருபுறமும் வடம் கட்டி, ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். ஒரு கொம்பு முறியும். எந்தக் கொம்பு முறிந்தாலும் அம்மன் குளிர்வாள். விளையாட்டு என்று பேர்தான். தொடக்கத்துக்கு அடையாளமாகக் கோயிலில் கம்பம் நட்ட நாளிலிருந்து கொம்பு முறியும்வரை வடசேரியார் கையால் தென்சேரியார் வெற்றிலைகூட வாங்கமாட்டார்கள். வீடும் வளவும் தாய் வழி வருகிற அந்த ஊரில் சேரி மட்டும் தகப்பன் வழி வந்தது. ஆகவே பாதி வீடுகளில் பெண்சாதி ஒரு சேரி, புருஷன் மறு சேரி. கம்பம் நட்டதும் புருஷன்மார் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். “மச்சான், கொம்போட முதுகையும் முறிச்சிப்போட்டு வந்திராதீங்க” என்று பெண்சாதிமார் வேலிக்குள் நின்று பகிடி பண்ணுவார்கள். பிள்ளைகள் எந்தச் சேரியென்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகள் தாயோடு இருக்கும்.

இந்த முறை சீனித்தம்பி கேட்டுவிட்டார்.

மருமகன் கோணாமலை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிய வேளை. அவனுடைய நாலு வயது மகள் நாச்சி கிணற்றுக் கட்டில் ஏறி, வாளியில் சிரட்டையை விட்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கிழவர் போய் சிரட்டையைப் பறித்தார்.

“வடசேரிக் குட்டிக்கு என்ட கிணத்துத் தண்ணி கேக்குதோ?”

பாதி பகிடியாகத்தான் சொன்னார். மீதிப் பாதியை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கோணாமலை பாயைக் கீழே போட்டான். திரும்பி வந்து, வாயோரம் தண்ணீர் வடிய நின்ற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“மாமா சொல்லுறது சரி. வடசேரிப் புள்ள வடசேரிலயே இருக்கட்டும்.”

“மச்சான், அவர் சும்மா சொன்ன,” என்று பாலசுந்தரி பின்னால் ஓடினாள்.

“ஓம். சும்மாதான் நானும் கொண்டுபோறன்.”

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தின கொம்பு முறிப்பில் தென்சேரி தோற்றது. வென்றவர்கள் வேலிக்கு வேலி நின்று வசை பாடினார்கள். சீனித்தம்பியின் வேலியடியில், செத்து வருஷம் திரும்பாத அவருடைய பெண்சாதியின் பேரையும் சேர்த்துப் பாடினார்கள். பாடியவர்களுக்குள் அப்போது இளம் பையனாக கோணாமலையும் நின்றான். கொம்பு வசைக்குக் கோபம் வைக்கக் கூடாது என்பது ஊர் முறை. சீனித்தம்பியும் வைக்கவில்லை, தாய்வழிக் குடி பொருந்திய வேறு மாப்பிள்ளை அகப்படாதபோது மகளையே அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். ஆனால் கோபத்தை வைக்காத இடத்தில் வேறு ஏதோ ஒன்றை வைத்திருந்தார்.

பிள்ளைக்கென்று தூக்கிப்போன குடம் உடைந்த மறுநாள் காத்தான்குடிப் புடவைக்காரர் கச்சி முகம்மது வந்தார். மூட்டையை மாமரத்தடியில் இறக்கிவிட்டுத் துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

“தங்கச்சி, எள்ளுப்போலத் தண்ணி தாகா. விழுங்க எச்சிலும் இல்ல.”

“நீ எந்தச் சேரி முகம்மது?” என்று சீனித்தம்பி சாய்ந்திருந்தபடியே கேட்டார்.

“நான் மேற்குச் சேரி அண்ணே. அஞ்சு நேரமும் மேற்கத்தான் பாக்கிறன். வடக்கும் தெற்கும் ஒங்கட கரைச்சல்.”

கிழவரும் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்ததுபோல எழுந்து மாட்டுப் பட்டிப் பக்கம் போனார். பாலசுந்தரி தண்ணீர் வார்த்தாள். முகம்மது செம்பு நிறையக் குடித்து, மறுபடி குடித்து, குரலைத் தாழ்த்தினார்.

“ஒன்ட மாமிட வீட்டால வந்தன். புள்ள பாயில கிடக்கு தங்கச்சி. வயித்தால போகுது. கண்ணு உள்ளுக்குப் போயித்து.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கிணத்துத் தண்ணி கடல்தான். நேத்து இஞ்ச மொண்ட தண்ணி என்ட செம்புல மிச்சம் கிடந்திச்சி. புள்ளட வாயில வச்சன். ரெண்டு மிடறு குடிச்சிச்சி. அதுக்குள்ள ஒன்ட மாமி கேட்டாவு, இது எந்தக் கிணறு எண்டு. ஒரு பொய்யச் சொல்லி இரிக்கலாம். வாய் தவறி உண்மை வந்திற்று. செம்பப் புடுங்கித் தென்னைக்கு ஊத்திப்போட்டாவு.”

“அவரு? அவரு ஒண்டும் சொல்லல்லியா?”

“கோணாமலை வாசல்ல இருந்து வடத்துக்குத் தும்பு திரிச்சிக்கொண்டு இரிக்கான். தலை நிமிரல்ல. ஒங்கட ஆம்புளயளுக்கு அம்மன் மழை தாறாவோ இல்லியோ, நல்ல வீம்பு தந்திரிக்காவு.”

“நானா, ஒரு போத்தல் தாறன். கொண்டுபோய்க் குடுங்க. எந்தக் கிணறு எண்டு கேட்டா, ஏறாவூர்க் கிணறு எண்டு சொல்லுங்க.”

முகம்மது கையிலிருந்த துவாயை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

“ஏலா தங்கச்சி. நாளைக்கும் நான் இந்த ரெண்டு சேரிக்குள்ளயும் மூட்டை தூக்கவேணும். ஒருக்காப் பிடிபட்ட ஆள் நான்.”

அவர் போன பிறகு அவள் நெடுநேரம் கிணற்றுக் கட்டிலேயே இருந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் ஆழத்தில் ஒரு சிறு வட்ட வானம் தெரிந்தது. மேலே உள்ள வானத்தைவிட அது நல்ல வானமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் கூனிச் சம்பலும். கிழவர் கிழங்கைப் பிட்டுச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டார். வெக்கையில் முகத்து வியர்வை தாடி வழியே வழிந்து கோப்பையில் விழுந்தது.

“தின்னன் புள்ள.”

“நாச்சிக்கு வயித்தால போகுதாம்.”

“கேட்டன்.”

“ஒங்கட பேத்தி.”

“அவளுக்கு இஞ்ச வரவேணாம் எண்டு ஆரு சொன்ன? அவன் கொண்டு வந்து விடட்டும். விட்டா நான் குளிப்பாட்டியே விடுறன்.”

“அவரு விடமாட்டாரு. ஒங்களுக்குத் தெரியும். கொம்பு முறியுமட்டும் விடமாட்டாரு.”

“அப்ப கொம்பு முறியட்டும்.”

அதுதான் முறியவில்லை. இரண்டு தரம் இழுத்தாயிற்று. இரண்டு சேரியும் உள்ளங்கை உரிய இழுத்தும் கொம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அப்படியே நின்றன. அடுத்த இழுவை செவ்வாய்க்கிழமை. அதிலும் முறியாவிட்டால் அதற்கடுத்த செவ்வாய். மழை வரும்வரை, அல்லது தலைகள் உடைந்து அரசாங்க ஏசண்டர் துரை பொலிசை அனுப்பும்வரை இழுக்க வேண்டியதுதான். இழுத்து முடிந்ததும் ஒவ்வொரு சேரியிலும் கொம்பை வெட்டியவனே அதைத் தனியே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் மறைத்துவிடுவான். விடத்தல் மரத்துக் கொம்பு சேற்றுக்குள் ஊறிக் கிடந்தால் நார் இறுகும். காய்ந்தால் உள்ளே வெடிக்கும். அந்தக் கச்சானில் ஒரு பகல் வெளியே கிடந்தாலே போதும்.

சீனித்தம்பி விரலைச் சூப்பினார்.

“அவன் வெட்டின கொம்பு. எங்க வச்சிரிக்கான் எண்டு ஒனக்குத் தெரியும்.”

“தெரியா.”

“ஆடியில வெட்டினவன். ஆடியில ஒன்ட பாயிலதானே படுத்தவன். அவன் வாய் சும்மா கிடந்திராது.”

அவள் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடியில் ஒரு நாள் அவன் சேறு காய்ந்த காலோடு வந்து, சின்னப் பிள்ளை பொன்வண்டு பிடித்து வந்ததைச் சொல்வதுபோல, கொம்பை ஒளித்த இடத்தைச் சொன்னான். ‘அம்மாக்கும் சொல்லல்ல. ஒனக்கு மட்டும்தான்.’ அவள் சிரித்து, ‘நான் தென்சேரி, மறந்து போச்சோ’ என்றாள். அவனும் சிரித்தான்.

“எங்கட கொம்பு முறிஞ்சாலும் முடியும், அவங்கட கொம்பு முறிஞ்சாலும் முடியும்,” கிழவரின் குரல் இப்போது மெதுவாக, ஏறக்குறைய அன்பாக வந்தது. “எது முறிஞ்சா ஒனக்கென்ன? முறிஞ்ச அண்டைக்கே புள்ள வீட்ட வந்திரும். எல்லாரும் குடிக்கட்டும். கிணத்துக்கு நான் காவலா? சொல்லு. சொல்லாட்டி இன்னும் ஒரு செவ்வாய் பாப்பம். புள்ளைக்கு இன்னொரு செவ்வாய் இரிக்கா எண்டு எனக்குத் தெரியா.”

“நீங்க மனிசன்தானா அப்பா?”

“நான் தென்சேரியான்.”

அவளுக்கு அந்த நேரம் கோபம்கூட வரவில்லை. எது முறிந்தால் என்ன என்ற சொல் மட்டும் மண்டைக்குள் வண்டுபோலச் சுற்றியது. அது சரியாகவும் இருந்தது. அம்மனுக்கே எந்தக் கொம்பு என்ற கணக்கு இல்லை.

“வாவிக்கரைக் கண்ணாக் காட்டுக்குள்ள,” என்றாள். “பழைய தோணி சேத்துல தாண்டு கிடக்கிற இடத்துல.”

கிழவர் பாதிக் கிழங்கை வைத்துவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை வடசேரி ஆண்கள் எல்லோரும் நேர்த்திக்காகக் கோயிலில் கிடந்தார்கள். சீனித்தம்பி விடியவே தோளில் அத்தாங்கு வலையைப் போட்டுக்கொண்டு இறால் வடிக்கப் போவதுபோலப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது முகம் கருகி, உதடு வெடித்திருந்தது. வலையில் ஓர் இறாலும் இல்லை.

“கொம்பக் கடற்கரை மணல்ல போட்டு, பக்கத்துல குந்திக்கொண்டிருந்தன்,” என்றார், கேட்காமலே. “நல்ல வெயில். மறுகா அந்தச் சேத்துக்குள்ளயே வச்சிற்று வந்தன். தொட்டா ஈரம்தான் தெரியும்.”

அன்று அவர் இரண்டு கோப்பை சோறு தின்றார்.

அவர் தின்றுகொண்டிருக்கும்போதுதான் கச்சான் நின்றது. ஐந்து மாதமாகக் காதுக்குள் இருந்த இரைச்சல் சட்டென்று இல்லாமல் போக, ஊர் முழுவதும் ஒரு கணம் பேச்சை நிறுத்திக் கேட்டது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. காற்று நின்றதும் வெக்கை இரட்டிப்பாகி, ஈரச் சாக்கை முகத்தில் போட்டு அமுக்கியதுபோல இருந்தது. சுவரோரம் எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேலே ஏறின. படுவான்கரைக்கு மேலே, காட்டின் விளிம்பில், கரும்பாறை அடுக்கியதுபோல மேகம் நின்றது. அதற்குள் சத்தமில்லாமல் மின்னிற்று.

பாலசுந்தரி வாசலில் நின்று அந்த மேகத்தைப் பார்த்தாள்.  அவள் வாயைத் திறந்திருக்கவே வேண்டியதில்லை. அம்மன் எந்தக் கொம்பையும் கேட்காமல் மழையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தாள்.

“அப்பா, மழை வரப்போகுது. இழுவையை விட்டிரச் சொல்லுங்க.”

“இழுத்தாத்தான் வரும்,” என்றார் கிழவர், மேகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

செவ்வாய் மத்தியானம் கொம்புச் சந்தியில் ஊர் கூடியது. சூரியன் இருந்த இடம் தெரியவில்லை, ஆனால் சூடு குறையவில்லை. வானம் மாட்டுத்தோல் முரசுபோல இறுகிக் கிடந்தது. மணல் ஊதா நிறமாகத் தெரிந்தது. பெண்கள் தத்தம் சேரிப் பக்கம் கும்பலாக நின்றார்கள். வடசேரிப் பெண்களுக்குள் மாமியார் பத்தினிப்பிள்ளை தெரிந்தாள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாளோ.

கோணாமலை கொம்பைத் தன் கையாலேயே கொளுவினான். ஈரத் துணியைப் பிரித்து, கொம்பின் முதுகைத் தடவிக் கொடுத்தான். பிறகு வடத்தில் முதல் ஆளாக நின்று, குதிகாலை மணலில் புதைத்தான்.

“ஓ... கண்ணகைத் தாயே!”

இரண்டு பக்கமும் சரிந்தன. வடம் முறுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் ‘இழுங்கடா, பொண்டாட்டிமாரைப் பாத்துக்கொண்டா நிக்கிறீங்க’ என்று கத்தினான். இரண்டு சேரியிலும் சிரிப்பு எழுந்து, பல்லிடுக்கில் அடங்கியது. பாலசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் நாச்சியின் ஈர வாய்.

கொம்பு அதிக நேரம் எடுக்கவில்லை. நல்ல கொம்பு முறிந்தால் நார் நாராகக் கிழிந்து முனகும் என்பார்கள். இது விறகு முறிவதுபோல ‘டக்’கென்று முறிந்தது. வடசேரி ஆண்கள் மொத்தமாக மல்லாக்க விழுந்தார்கள்.

தென்சேரி குரவையிட்டது. சீனித்தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். அந்தச் சத்தத்துக்குள் கோணாமலை எழுந்து, முறிந்த துண்டை எடுத்து, முறிவைப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். உள்ளங்கையில் எதையோ தட்டி, விரலால் தேய்த்தான். அவன் நிமிர்ந்தபோது மாமனாரைத் தேடவில்லை. தென்சேரிப் பெண்களின் கும்பலுக்குள் ஒவ்வொரு முகமாகத் தாண்டி, பாலசுந்தரியின் முகத்தில் பார்வையை நிறுத்தினான்.

வசைக் கூட்டம் புறப்பட்டது. சீனித்தம்பிதான் முன்னால்.

“வடசேரிக் கொம்பு வாழைத் தண்டு
வாயில போட்டா வழுக்கிப் போகும்!”

அது தொடக்கம்தான். வேலிக்கு வேலி பாட்டு அழுக்கேறியது. பத்தினிப்பிள்ளையின் வேலியடிக்கு வந்தபோது கிழவர் நின்றார். தொண்டை கிழியத் தானே கட்டிய பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டில் பத்தினிப்பிள்ளையின் கைம்மை இருந்தது, அவள் படுத்த இடங்கள் என்று இல்லாத இடங்கள் இருந்தன. பின்னால் வந்தவர்களில் சிலர் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

மழைதான் நிறுத்தியது. முதலில் மணல் வாசம். பிறகு வாவிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைச் சுவர் தென்னைகளை வளைத்துக்கொண்டு ஓடி வந்தது. தலைக்கு மேலே இடி விழுந்தது. கூட்டம் சிதறியது. “வட்டைக்குள்ள தண்ணி! விதைப்புக்குத் தண்ணி!” என்று கூவிக்கொண்டு சீனித்தம்பி தோணித் துறைப் பக்கம் ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம். மகளைத் தாண்டித்தான் ஓடினார், பார்க்கவில்லை.

பாலசுந்தரி அந்த வேலியின் படலையடியில் தனியே நின்றாள். முற்றத்தில் மாமியார் பானை, சட்டி, கிடாரம் என்று அகப்பட்டதையெல்லாம் கூரை இறப்பின் கீழ் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“தென்சேரியாளுக்கு இஞ்ச என்ன வேல? பாட்டுக்கு இன்னும் மிச்சம் இரிக்கா?”

“கொம்பு முறிஞ்சிற்றே மாமி. புள்ளயக் கூட்டிக்கொண்டு போக வந்தன்.”

“கொம்பு முறிஞ்சிதான் போச்சி. ஆரு முறிச்ச எண்டுதான் என்ட மகன் கேக்கான்.”

கோணாமலை வெளியே வந்தான். பிள்ளையைத் தன் சால்வையால் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான். மழைக்குள் இறங்காமல் தாழ்வாரத்தின் விளிம்பில் நின்றான். நாச்சி தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். கண்கள் உண்மையாகவே உள்ளே போயிருந்தன. ஆனால் இறப்பு நீரில் நனைந்த விரலை வாயில் வைத்து அவள் சப்பிக்கொண்டிருந்தாள்.

“மச்சான், நாச்சியத் தாங்க. வீட்ட போவம். கஞ்சி காய்ச்சி வச்சிரிக்கன்.”

அவன் பாயில் கிடந்து பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினான். மழைக்குள் அதைக் கேட்க அவள் படலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய வேண்டியிருந்தது.

“உள்ளுக்குக் காஞ்சி போயிருந்திச்சி. விறகு மாதிரி. வெடிப்புக்குள்ள கடல் மணல். நான் வச்சது கரும் சேத்துல.”

“மச்சான்...”

“வச்ச இடம் ரெண்டு பேருக்குத் தெரியும். எனக்கு. மற்றது...” அவன் முடிக்கவில்லை. தாயைத் திரும்பிப் பார்த்தான். பத்தினிப்பிள்ளை கிடாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். அது நிரம்பி அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது. “அம்மா கேக்கா. நாளைக்குச் சேரி கேக்கும். ஒன்ட பொண்டாட்டியா எண்டு கேப்பானுகள். நான் அவனுகளுக்கு என்ன சொல்லுற?”

பிள்ளை தாயை நோக்கிக் கையை நீட்டியது. அவன் அந்தக் கையைப் பிடித்துச் சால்வைக்குள் மெல்ல வைத்தான்.

“அம்மன் பேரால ஒரு சொல்லுச் சொல்லு சுந்தரி. ‘நான் சொல்லல்ல’ எண்டு. அவ்வளவுதான். பொய் எண்டா அது இந்தப் புள்ளயிலதான் விழும், அதுவும் ஒனக்குத் தெரியும். நீ சொன்னா நான் நம்புறன். ஆரு என்ன சொன்னாலும் நம்புறன். நம்பிக்கொண்டு இப்பவே, இந்த மழைக்குள்ளயே, புள்ளயத் தூக்கிக்கொண்டு ஒன்ட வீட்ட வாறன். சொல்லுகா. ஒரு சொல்லுத்தானே. சொல்லு.”